ஜோ ‘சார்’ என்று கூப்பிட்ட நாள்: பிப்பை மாற்றிய உறவுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த தோழி ஒருத்தி கேட்டாள்: “உன் ஆளுக்குக் கல்யாணம் ஆகுது, அப்பா சாகிறார், கூட்டாளி ஏமாத்துறான், இருபது வருஷம் ஓடிப்போகுது. ஆனா கடைசி அத்தியாயத்திலயும் அவன் முதல் அத்தியாயத்து ஆளாவே இருக்கானே, ஏன்?” என்னிடம் பதில் இல்லை. சம்பவங்களை அடுக்கிக்கொண்டே போனால் ஆள் தானாக மாறிவிடுவான் என்று நம்பியிருந்தேன்.

அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு மனிதன் மாறுவதை என் கண்முன்னே நடத்திக் காட்டிய நாவல் ஒன்றைப் பென்சிலும் கையுமாக மறுபடி படித்தேன். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை அவர் நடத்திய வாரப் பத்திரிகையில் 36 வாரம் தொடராக வந்தது, மொத்தம் 59 அத்தியாயம். தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். வாரம் ஒரு துண்டுதான் கையில் கிடைக்கும், இடையில் ஏழு நாள் மறதி. அப்படிப் படிக்கிறவனுக்கும் ‘இந்தப் பையன் போன மாசம் இருந்த மாதிரி இல்லையே’ என்று உறைக்க வேண்டும். டிக்கன்ஸ் அதை எப்படிச் செய்தார் என்பதுதான் என் கேள்வி. (கதை முழுவதையும் சொல்லித்தான் இதை எழுத முடியும். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் நாவலைப் படித்துவிட்டு வந்தால் நல்லது.)

நான் பின்பற்றிய வழி ரொம்ப எளிது. கதாநாயகன் பிப்பை விட்டுவிட்டு, அவனுடைய அக்கா புருஷன் ஜோ வருகிற பக்கங்களை மட்டும் முதலில் குறித்தேன். ஒரு ஜோ காட்சிக்கும் அடுத்த ஜோ காட்சிக்கும் நடுவில் பிப்பை யார் தொட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அப்புறம் போய்ப் பார்த்தேன். ஜோவை ஏன் எடுத்தேன் என்றால், முக்கால்வாசி நாவலில் அவர் மாறுவதே இல்லை. சுவரில் ஒரே இடத்தில் நிறுத்திக் குழந்தையின் உயரத்தைக் கோடு போட்டுக் குறிப்போமே, அந்தச் சுவர் மாதிரி அவர். கோடுகளைப் பார்த்தால் பிப் எங்கே உயர்ந்தான், எங்கே குனிந்தான் என்று தெரிந்துவிடும்.

ரொட்டித் துண்டு

இங்கிலாந்தின் கென்ட் பகுதி, தேம்ஸ் நதி கடலை நெருங்குகிற சதுப்பு நிலம். அப்பா, அம்மா, ஐந்து சகோதரர்கள் எல்லோரும் கல்லறையில். மிஞ்சிய பிப்பை இருபது வயதுக்கும் மேல் மூத்த அக்கா வளர்க்கிறாள், வளர்க்கிறாள் என்பதைவிடப் பிரம்பால் மேய்க்கிறாள் என்று சொல்லலாம். அவள் புருஷன் ஜோ, கொல்லுப் பட்டறைக்காரர், மலை மாதிரி உடம்பு, மெழுகு மாதிரி மனசு. கல்யாணம் பேசும்போதே அந்தக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, பட்டறையில் அதற்கும் இடமிருக்கிறது என்று சொன்னவர். நம் வீடுகளில் என்றால் பிப் அவரை ‘மாமா’ என்றோ ‘அத்தான்’ என்றோ கூப்பிட்டிருப்பான். அங்கே வெறும் ‘ஜோ’தான். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேரும் அடிவாங்குகிற சாதி என்பதால் அவர்களுக்குள் சம வயதுப் பிள்ளைகள் மாதிரி ஒரு கூட்டு. ராத்திரி சாப்பிடும்போது தங்கள் ரொட்டித் துண்டைக் கடித்துக் கடித்து, யாருடையது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சத்தம் போடாமல் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். நாவலில் அன்பு என்றால் என்ன என்று டிக்கன்ஸ் காட்டுகிற முதல் படம் இதுதான்.

அந்த ரொட்டியில்தான் முதல் விரிசலும் விழுகிறது. கல்லறையில் பிப்பைப் பிடித்து மிரட்டிய தப்பியோடிய கைதிக்காக, பிப் அன்றைக்குத் தன் ரொட்டியைக் கடிக்காமல் கால்சட்டைக்குள் ஒளித்து வைக்கிறான். விடிந்ததும் பன்றியிறைச்சிப் பணியாரமும் பிராந்தியும், ஜோவின் பட்டறையிலிருந்து ஓர் அரமும் திருட்டுப் போகின்றன. கைதி பிடிபடும்போது, சாப்பாட்டைத் திருடியது நான்தான் என்று அவனே பழியை ஏற்றுக்கொள்கிறான். தன் வீட்டுச் சாப்பாடு போனதைக் கேட்ட ஜோ, நீ என்ன செய்தாய் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் நீ பட்டினி கிடந்து சாக வேண்டும் என்று நாங்கள் நினைக்க மாட்டோம் என்கிற பொருளில் ஒரு பதில் சொல்கிறார். இவ்வளவு நல்ல மனுஷனிடம் பிப் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஜோ தன்னை முன்போல நம்ப மாட்டாரோ என்று பயம்.

இந்த இடத்தை நான் முன்பெல்லாம் சாதாரணமாகக் கடந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை பென்சில் இங்கேதான் முதலில் நின்றது. பிப் மறைப்பது அன்பு குறைந்ததால் இல்லை, அன்பு போய்விடுமோ என்ற பயத்தால்தான். பாசம் இருக்கிற இடத்திலேயே ஒரு சின்ன மூடி விழுந்துவிட்டது. பின்னால் வருகிற எல்லாமே அந்த மூடிக்கு அடியில்தான் புளிக்கிறது.

ஒரே ஒரு மத்தியானம்

இந்த நாவலைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதைச் சுருக்கம்: ஏழைப் பையனுக்குப் பணம் வந்தது, தலை கனத்தது, பணம் போனது, புத்தி வந்தது. எனக்கு இது ஒப்புக்கொள்ள முடியாத சுருக்கம். பிப்புக்குப் பணம் வருவது பல வருஷம் கழித்து. அவன் மாறியதோ ஒரு மத்தியானத்தில், கையில் ஒரு காசு இல்லாத பிள்ளையாக இருந்தபோது.

கல்யாணத்தன்று ஏமாற்றப்பட்டு, அந்த வெள்ளை உடையைக் கழற்றாமலே, கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு வாழ்கிற பணக்காரப் பெண்மணி மிஸ் ஹாவிஷாம். அவர் வீட்டுக்கு விளையாட அனுப்பப்படுகிறான் பிப். அங்கே அவன் வயதொத்த எஸ்டெல்லா. சீட்டாடுகிறார்கள். சீட்டில் ஒரு படத்துக்கு மரியாதைப்பட்டவர்கள் சொல்கிற பேர் ஒன்று, பிப் சொல்கிற பேர் வேறு. இந்தப் பையன் அதை இப்படியா சொல்கிறான் என்று அவள் இளக்காரமாகச் சிரிக்கிறாள். கையைப் பார், எவ்வளவு முரடு, பூட்ஸைப் பார், எவ்வளவு தடி என்கிறாள். சாப்பாட்டை நாய்க்கு வைப்பது போலக் கல்தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். பிப் சுவரை உதைத்துக்கொண்டு அழுகிறான்.

இதில் எஸ்டெல்லா ஜோவின் பேரைக்கூட உச்சரிக்கவில்லை, கவனியுங்கள். அப்படி ஓர் ஆள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சீட்டுக்கு அந்தப் பேரைச் சொல்லிக்கொடுத்தது யார்? ஜோ. அந்தக் கை எங்கே முரடாகப் போகிறது? ஜோவின் பட்டறையில். பிப்பின் மனசு அழுதுகொண்டே அந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறது. ஜோவை இன்னும் கொஞ்சம் நாகரிகமாக வளர்த்திருக்கக் கூடாதா, அப்போது நானும் அப்படி இருந்திருப்பேனே என்று நினைக்கிறான்.

என் நோட்டில் இந்தப் பக்கத்துக்கு எதிரே எழுதி வைத்த வரிதான் இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயம்: ஓர் உறவு ஆளை நேராக மாற்றுவதில்லை, அவன் இன்னோர் உறவைப் பார்க்கிற கண்ணை மாற்றுகிறது. எஸ்டெல்லா பிப்பிடம் செய்தது அவ்வளவுதான். காலையில் ஜோவைத் தன் கண்ணால் பார்த்தவன், சாயங்காலம் ஜோவை எஸ்டெல்லாவின் கண்ணால் பார்க்கிறான். என் கையெழுத்துப் பிரதியில் இருந்த கோளாறும் இங்கேதான் எனக்குப் புரிந்தது. என் கதாநாயகனுக்கு மனைவி தனி அறை, அப்பா தனி அறை, நண்பன் தனி அறை. ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்த கதவைத் திறக்கிறான். மனைவி சொன்ன ஒரு சொல் அப்பாவின் முகத்தில் போய் விழுவதே இல்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிப் எல்லோரிடமும் வாய்க்கு வந்ததை அளக்கிறான். கறுப்பு வெல்வெட் வண்டி, வெள்ளிக் கூடையில் இறைச்சிக்குச் சண்டை போட்ட பெரிய நாய்கள். ஜோவிடம் மட்டும் பிறகு போய், எல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்கிறான். நேர் வழியில் உயர முடியாதென்றால் கோணல் வழியில் உயரவே முடியாது என்று ஜோ புத்தி சொல்கிறார், அதட்டாமல். அன்றைய நிலையில் பிப்பால் இன்னும் ஜோவிடம் உண்மை பேச முடிகிறது. அதே ராத்திரி படுக்கையில், எஸ்டெல்லா கண்ணுக்கு ஜோ எவ்வளவு சாதாரணமாகத் தெரிவார் என்று நினைக்கவும் முடிகிறது. இரண்டும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஆள் மாறுவது என்றால் பழையது போய்ப் புதியது வருவது என்றுதான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே பழையது போகவே இல்லை. கடைசி வரை போகவில்லை. அதனால்தான் பிப் இவ்வளவு வலிக்கிறான்.

கைகாட்டி மரம்

பட்டறையில் பிப் தொழில் பழக ஒப்பந்தம் எழுதும் நாளில் மிஸ் ஹாவிஷாம் வீட்டுக்கு ஜோவும் வருகிறார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் திணறிக்கொண்டு. அந்த அம்மா கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அவரிடம் சொல்லாமல் பிப்பைப் பார்த்தே சொல்கிறார். நாற்காலிக்குப் பின்னால் எஸ்டெல்லாவின் கண்ணில் குறும்புச் சிரிப்பு. பிப் கூசிப்போகிறான். அன்றைக்கு அந்த அம்மாவிடமிருந்து கிடைத்தது 25 கினி, அந்தக் காலத்து ஆங்கிலத் தங்கக் காசு. தொழில் கற்றுக்கொண்டே தொழிலை வெறுக்கிற வருஷங்கள் அதற்குப் பிறகு.

நாலாவது வருஷம் லண்டனிலிருந்து வக்கீல் ஜாகர்ஸ் வருகிறார். பேர் சொல்ல விரும்பாத ஒருவர் பிப்பைப் பெரிய மனுஷனாக்கப் பணம் தருகிறாராம். பையனைப் பாதியில் விடுவதற்கு ஜோவுக்கு நஷ்டஈடு வேண்டுமா என்று வக்கீல் கேட்க, பட்டறைக்கு வந்த அந்தச் சின்னப் பிள்ளை போவதற்குப் பணம் ஈடாகுமா என்று ஜோ பொங்குகிறார், கிட்டத்தட்ட சண்டைக்கே போகிறார். இந்த அன்பைப் பார்த்துவிட்டும் பிப் கிளம்புகிற நாளில், வண்டி ஏறுமிடம் வரை நான் தனியாகவே போகிறேன் என்கிறான். காரணம் அவனுக்கே தெரியும். புது உடையில் இருக்கிற தன்னோடு ஜோ நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்கிற நினைப்பு. ஊர் எல்லையில் கைகாட்டி மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுகிறான். வண்டி மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் இறங்கித் திரும்பி நடந்துபோய் ஒழுங்காக விடைபெறலாமா என்று யோசிக்கிறான். யோசித்து முடிப்பதற்குள் வண்டி வெகுதூரம் போய்விடுகிறது.

இந்தக் கட்டத்தில் பிப்பை முழுசாகப் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள், கிராமத்துப் பெண் பிட்டி. ஜோவுக்குக் கொஞ்சம் படிப்பும் பழக்கவழக்கமும் சொல்லிக்கொடேன் என்று பிப் கேட்கும்போது, அவருக்கும் ஒரு கௌரவம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாயா என்கிறாள். அவனோ உனக்குப் பொறாமை என்கிறான். சொன்ன உண்மை பிடிக்காதபோது சொன்னவரின் குணத்தைப் பழிக்கிற இந்தப் புத்தி நம் எல்லோருக்கும் பழக்கமானது. டிக்கன்ஸ் இதை இரண்டு தடவை வைக்கிறார். அக்கா செத்த பிறகு, இனி அடிக்கடி வந்து ஜோவைப் பார்ப்பேன் என்கிறான் பிப். பிட்டி பேசாமல் இருக்கிறாள். அந்த மௌனத்துக்குக் கோபப்படுகிறான். அவள் மௌனம்தான் சரியாக இருந்தது.

விழுந்துகொண்டே இருந்த தொப்பி

லண்டன் காட்சிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை நாவலின் மையம் இதுதான்.

ஜோ லண்டன் வருகிறார் என்று பிட்டியிடமிருந்து கடிதம். காசு கொடுத்து அவரை வரவிடாமல் தடுக்க முடியுமென்றால் கட்டாயம் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். ஜோ வருகிறார். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்புக்கு மேலே திட்டின் விளிம்பில் வைக்கிறார், அது விழுகிறது, பாய்ந்து பிடிக்கிறார், மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது. பட்டறையில் சம்மட்டியைத் தூக்கி ஆடுகிற கைகளுக்கு ஒரு தொப்பியை வைக்க இடம் கிடைக்கவில்லை. பேச்சில் ஒரு தடவை ‘பிப்’ என்கிறார், அடுத்த தடவை ‘சார்’ என்கிறார்.

தமிழில் இதை யோசித்துப் பார்த்தால் இன்னும் சுருக்கென்று தைக்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் டிக்கன்ஸ் ‘சார்’ என்ற சொல்லைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நமக்கு அது கூடத் தேவையில்லை. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை பட்டணத்தில் பெரிய வேலைக்குப் போன பிறகு, ஊரிலிருந்து வந்த மாமா வாசலில் நின்றுகொண்டு “சாப்ட்டியா” என்று கேட்க வாயெடுத்து “சாப்ட்டீங்களா” என்று முடிப்பதை நான் என் சொந்தக்காரர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விகுதியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு திண்ணையே கட்டி எழுப்பப்பட்டுவிடும். பிப்புக்கு அப்போது எரிச்சல்தான் வருகிறது. ஜோ இயல்பாக இல்லையே என்று கோபம். நான் இயல்பாக இருந்திருந்தால் அவரும் இயல்பாக இருந்திருப்பார், எல்லாம் என் தப்பு என்பது வயதான பிறகு கதை சொல்கிற பிப்புக்குத்தான் தெரிகிறது.

கிளம்பும்போது ஜோ தெளிகிறார். பேச்சும் தெளிகிறது. வாழ்க்கை என்பதே பல பிரிவுகளைச் சேர்த்து ஒட்டவைத்ததுதான், ஒருத்தன் இரும்பு அடிப்பான், ஒருத்தன் பொன் அடிப்பான், தப்பு நடந்திருந்தால் என் மேல்தான், இந்த உடையில் நான் தப்பான ஆள், பட்டறையை விட்டு வெளியே வந்தால் நான் தப்பான ஆள் என்கிறார். ஒரு கசப்பு இல்லை. பிப் சுதாரித்து வெளியே ஓடிப் பார்க்கும்போது ஆள் தெருவிலேயே இல்லை.

சரி, இவ்வளவு தைத்த பிறகாவது மாறினானா? அடுத்த நாளே ஊருக்குப் போகிறான், எஸ்டெல்லா வந்திருக்கிறாள் என்பதால். ஜோ வீட்டில் தங்கலாம் என்று தொடங்கிய எண்ணம் வழியிலேயே ஒவ்வொரு சாக்காகத் தேய்ந்து, கடைசியில் விடுதியில் தங்குகிறான். ஜோவைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டு, பிராயச்சித்தமாக ஒரு பெரிய மீனும் ஒரு பீப்பாய் சிப்பியும் அனுப்பி வைக்கிறான். குற்ற உணர்ச்சி இருந்தால் ஆள் திருந்திவிடுவான் என்று நம்புகிற எழுத்தாளர்கள் (நானும்தான்) இந்த மீனை ஒருநாளும் மறக்கக் கூடாது. குற்ற உணர்ச்சியைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாகப் பழையபடியே இருக்க முடியும்.

ஹெர்பர்ட்

லண்டனில் பிப்போடு தங்குகிறவன் ஹெர்பர்ட். முதல் நாள் சாப்பாட்டில் பிப் கத்தியை வாயில் வைக்கிறான். ஹெர்பர்ட் மிஸ் ஹாவிஷாமின் கதையைச் சொல்லிக்கொண்டே, இடையிடையே, லண்டனில் கத்தியை வாயில் வைக்கிற வழக்கமில்லை, காயம் பட்டுவிடுமோ என்ற பயத்தால்தான் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறான். எஸ்டெல்லா சுட்டிக்காட்டிய அதே பட்டிக்காட்டுத்தனம்தான். சொன்ன விதம் வேறு என்பதால் இங்கே பிப்புக்கு அவமானம் இல்லை, இருவரும் சிரிக்கிறார்கள். பிப்பின் கொல்லுப் பட்டறைப் பூர்வீகத்தை ஹெர்பர்ட் மறைக்கவும் இல்லை. ஒரு கொல்லன் பேரால் அறியப்பட்ட இசைத் துண்டை எழுதியவர் ஹாண்டல் என்பதால், பிப்புக்கே ‘ஹாண்டல்’ என்று செல்லப் பேர் வைத்துவிடுகிறான்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து கடனில் மூழ்குகிறார்கள், அது வேறு கதை. ஆனால் 21 வயதில் கையில் வருகிற 500 பவுண்டில் பாதியை எடுத்து, ஹெர்பர்ட்டுக்கே தெரியாமல் அவனுக்கு ஒரு கம்பெனியில் இடம் வாங்கித் தருகிறான் பிப். அந்தப் பணத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது. அந்த ராத்திரி சந்தோஷத்தில் அழுகிறான். எஸ்டெல்லாவுக்காகச் செலவழித்த எதிலும் அவனுக்கு இப்படியோர் அழுகை வந்ததில்லை. கெட்டுப்போன வருஷங்களின் நடுவிலேயே திரும்பி வருவதற்கான வேர் இங்கே கிடக்கிறது. பின்னால் எல்லாம் போன பிறகு பிப்புக்குச் சோறு போடுவதும் இந்த இடம்தான்.

படிக்கட்டில் வந்தவர்

23 வயது, புயல் மழை ராத்திரி. படிக்கட்டில் ஏறி வருகிற அறுபது வயது முரட்டு ஆள், பிப்பின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிடுகிறான். அந்தப் பழைய கைதி, மாக்விச். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஆடு மேய்த்துச் சம்பாதித்து அனுப்பிய பணம்தான் இவ்வளவும். திரும்பி வந்தது தெரிந்தால் தூக்கு. மிஸ் ஹாவிஷாம் தன்னை எஸ்டெல்லாவுக்காகத் தயார் செய்கிறார் என்று இத்தனை வருஷம் பிப் கட்டிய கோட்டை ஒரு நிமிஷத்தில் சரிகிறது.

அவனுக்கு வருகிற முதல் உணர்ச்சி அருவருப்பு. அந்தக் கை தன்மேல் படுவதே கூசுகிறது. மடக்குக் கத்தியால் அந்த ஆள் சாப்பிடுகிற விதம் குமட்டுகிறது. என்ன உடை போட்டாலும் கைதி கைதியாகவே தெரிகிறான். இது யாருடைய கண்? அதே எஸ்டெல்லாவின் கண்தான், இன்னும் அவன் முகத்தில் இருக்கிறது. பணம் போனதும் புத்தி வந்தது என்கிற சுருக்கம் மறுபடி இங்கே உடைகிறது. இனி இந்தப் பணத்தில் ஒரு காசும் தொடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகும் அந்த அருவருப்பு தொடர்கிறது. இந்தக் கைதியின் காசுக்காகவா ஜோவைக் கைவிட்டேன் என்று அந்த ராத்திரி நினைக்கிறான், ஆனாலும் ஜோவிடம் போக வெட்கம் விடவில்லை.

அருவருப்பு எப்போது போயிற்று என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். அது ஒரே இடத்தில் போகவில்லை. மாக்விச்சை ஒளித்து வைக்க வேண்டும், சாப்பாடு பார்க்க வேண்டும், நதி வழியாகத் தப்பிக்க வைக்கத் தினம் படகு ஓட்டிப் பழக வேண்டும். கை வேலை செய்யச் செய்ய மனசு பின்னாலேயே வருகிறது. நடுவில் மிஸ் ஹாவிஷாம் தீப்பிடித்து எரிகிறார், அவரைக் காப்பாற்றப் போய்ப் பிப்பின் கைகள் வெந்துபோகின்றன. சின்ன வயதில் எந்தக் கைகள் முரடு என்று வெட்கப்பட்டானோ அந்தக் கைகள். கட்டுப்போட்டு விடுவது ஹெர்பர்ட். இன்னோர் இரவில், பழைய பகையாளி ஓர்லிக் அவனைச் சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்தில் ஒரு பாழடைந்த வீட்டில் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்க்கிறான். சாகப் போகிறோம் என்ற நேரத்தில் பிப்புக்கு வருகிற துக்கம், தான் எவ்வளவு வருந்தினோம் என்பது ஜோவுக்கும் பிட்டிக்கும் தெரியாமலே போய்விடுமே என்பது.

தேம்ஸில் தப்புகிற முயற்சி தோற்கிறது. மாக்விச் படுகாயத்தோடு பிடிபடுகிறார். (எழுதிக்கொண்டே வந்தபோது ‘அவன்’ ‘அவர்’ ஆகிவிட்டதை இப்போதுதான் கவனித்தேன். திருத்தப் போவதில்லை.) பிப் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இவர் உயிரோடு இருக்கும் வரை என் இடம் இதுதான் என்று உணர்கிறான். அங்கே அவன் நினைப்பதுதான் என் ஆய்வு முழுவதற்கும் சாவி: நான் ஜோவுக்கு இருந்ததைவிட இந்த மனிதர் எனக்கு எவ்வளவோ நல்லவராக இருந்திருக்கிறார். கைதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தெரிவது ஜோ. எஸ்டெல்லாவிடம் நடந்தது இங்கே தலைகீழாக நடக்கிறது. ஜோவை அசிங்கமாக்கியது ஓர் உறவு, ஜோவைத் திருப்பிக் கொடுத்தது இன்னோர் உறவு, இரண்டு தடவையும் ஜோ அந்த இடத்திலேயே இல்லை.

நீதிமன்றத்தில் 32 பேருக்கு ஒரே நேரத்தில் மரண தண்டனை சொல்லப்படும்போது ஊரே பார்க்க மாக்விச்சின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் பிப். ஜோவோடு தெருவில் நடக்கக் கூசியவன். தூக்குக்கு முன்பே சிறை மருத்துவ அறையில் மாக்விச் இறக்கிறார், அவர் மகள் உயிரோடு இருக்கிறாள், அவளைத்தான் நான் விரும்புகிறேன் என்று பிப் காதருகே சொல்லிய பிறகு. அந்த மகள் எஸ்டெல்லாதான்.

திரும்ப வந்தவனும் திரும்பாததும்

இங்கே முடித்திருந்தால் அழகான நீதிக்கதையாக இருந்திருக்கும். டிக்கன்ஸ் முடிக்கவில்லை, அதற்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

பிப் காய்ச்சலில் விழுகிறான். 123 பவுண்டுக்கும் மேலான கடனுக்காகப் பிடித்துப்போக வந்தவர்கள் அவன் கிடக்கிற கிடையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நினைவு வரும்போது தலைமாட்டில் ஜோ. குழந்தையைப் போலத் தூக்கி வண்டியில் வைக்கிறார், பிட்டி சொல்லிக்கொடுத்த எழுத்தில் உளி பிடிப்பது மாதிரி பேனாவைப் பிடித்துக் கடிதம் எழுதுகிறார். பழைய பிப், பழைய ஜோ. பழையபடி கூப்பிடுகிறார்.

ஆனால் பிப்பின் உடம்பு தேறத் தேற ஜோ விலகுகிறார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் ‘சார்’ திரும்பி வருகிறது. ஒருநாள் பிப், இனி நானே நடப்பேன் என்று காட்டுகிறான், ஜோவின் முகத்தில் ஏதோ மூடிக்கொள்கிறது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் ஜோ இல்லை, சின்னக் கடிதமும், கடனை அடைத்த ரசீதும் இருக்கின்றன. பலவீனமாக இருந்தால் இவன் நம்ம பிள்ளை, பலம் வந்தால் பெரிய மனுஷனாகிவிடுவான், அதற்குள் நாமே போய்விடுவோம் என்று ஜோவுக்குப் பழக்கிவிட்டது யார்? பிப்தான், பல வருஷமாக.

சுவர் என்று சொன்னேனே, அந்தச் சுவரே இப்போது நகர்ந்துவிட்டது. இவ்வளவு நாளும் ஜோ மாறவில்லை என்று நினைத்துத்தான் அளந்துகொண்டிருந்தேன். பிப் திருந்தி வந்து நிற்கும்போது, அவன் செய்த காயம் ஜோவின் பழக்கமாகவே ஆகியிருப்பது தெரிகிறது. மன்னிப்பு இருக்கிறது, முழு மனசோடு இருக்கிறது, ஆனால் அந்த ரொட்டித் துண்டு விளையாட்டு இல்லை. பிட்டியைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பிப் ஊருக்குப் போகிற நாள், பிட்டிக்கும் ஜோவுக்கும் கல்யாணம் நடந்த நாளாக இருக்கிறது. ஹெர்பர்ட்டின் கம்பெனியில் குமாஸ்தாவாக எகிப்துக்குப் போகிறான். பதினொரு வருஷம் கழித்து ஒரு டிசம்பர் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், அடுப்போரம் அவன் உட்கார்ந்த அதே முக்காலியில், ஜோவின் காலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு குட்டிப் பிப். அவன் பேரையே பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்.

எஸ்டெல்லாவோடு முடிகிற கடைசிக் காட்சியை டிக்கன்ஸ் இரண்டு விதமாக எழுதினார். முதலில் எழுதியதில் இருவரும் லண்டன் தெருவில் தற்செயலாகச் சந்தித்துப் பிரிகிறார்கள். நண்பரான நாவலாசிரியர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு அச்சுக்குப் போகுமுன் மாற்றி, இருவரும் கைகோத்து நடப்பதாக முடித்தார். இதைப் பற்றி நிறையச் சண்டை உண்டு. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். ஆனால் பிப் எப்படி மாறினான் என்ற என் கேள்விக்கு எது இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அந்தக் கணக்கு முக்காலியிலேயே முடிந்துவிட்டது.

என் பிரதிக்கு வருகிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகனை வளர்த்த அத்தை ஒருத்தி இருந்தாள். நல்லவள், அதனால் எனக்கு அவளால் பிறகு ஒரு வேலையும் இல்லை என்று விட்டுவிட்டேன். போன வாரம் அவளைப் பதினாலாம் அத்தியாயத்துக்குக் கூட்டி வந்தேன். மனைவியும் அவள் வீட்டு மனிதர்களும் கூடத்தில் இருக்கிறார்கள், மூன்றாவது மாடி, அத்தை கையில் தூக்குவாளி நிறைய முறுக்கு. கதவைத் திறந்தது அவன்தான். அவன் “வாங்க அத்தை” என்கிறானா, ஊரில் கூப்பிடுகிற மாதிரி “வா அத்தை” என்கிறானா என்று ஐந்து நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் இன்னும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாள்.